வர வேண்டிய பாக்கி

கீவளூர் பக்கிரிநாதன் ரசிகர் மன்றம்,
பத்தாங் பெர்ஜுந்தை.
ஊருக்குப் புதுப்பெயர் வைத்து வருடங்கள் ஆயிற்று.
எங்கள் ரப்பர் முத்திரையில் பழைய பெயர்தான்;
புதிது செய்ய இருபத்தெட்டு வெள்ளி கேட்கிறான்.

உறுப்பினர் பதினொருவர்.
மூவர் டயாலிசிஸ் இல்லாத நாள் பார்த்துத்தான் வரமுடியும்.
பொருளாளர் நான்,
அவர் செத்த பிறகு பிறந்தவள்.

ஆ லெக் கோப்பிக் கடையின் பின்கட்டில் ஆண்டுக்கூட்டம்.
வரவு: சந்தா.
செலவு: மாலை, ஊதுபத்தி,
படத்துக்கு முன் வைக்க ஒரு பாட்டில் பிராந்தி
(கூட்டம் முடியுமுன் எப்படியோ காலியாகிவிடுகிறது).
அதற்கும் கீழே, எத்தனை புத்தகம் மாறினாலும் மாறாத வரி:
வர வேண்டிய பாக்கி, முப்பது வெள்ளி.

கணக்குப் பார்க்க வந்த ஜீவரத்தினம்
பேனா முனையால் அதைத் தட்டினான்.
"இது யாரு?"

சீட்டை எடுத்துக் காட்டினேன்.
பால் நிறுத்த சீட்டு. முகத்தில்:
சடையன், நாற்பத்தொரு ராத்தல்.
முதுகில், நீல மையில்:
மெட்ராஸ் போய்ச் சேர்ந்ததும் அனுப்புகிறேன், தாயாணை.
கையெழுத்தின் வால் நீண்டு
தாளைத் தாண்டி எங்கோ ஓடிவிட்டது.

ஐம்பத்தெட்டில், எட்டு மணிக்கு வரவேண்டியவர்
பத்தரைக்கு வந்தார்.
லாரியிலிருந்து இறங்கவில்லை, விழுந்தார்.
புகைக்கூடத்துக்குப் பின்னால் வாந்தி.
கிராணி தலையிலடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.
பிறகு மேடையேறி, இருமி, ஒரு சிரிப்பு சிரித்தாராம்,
பெண் பார்க்கப் போன இடத்தில்
வேட்டி அவிழ்ந்தவனின் சிரிப்பு.
அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் நின்றது.

யாரும் எழவில்லை.
விடிகாலைப் பால்வெட்டுக்கு நெற்றியில் கட்டும் விளக்குகளை
ஒருவர் பின் ஒருவராக ஏற்றினார்கள்.
முந்நூறு நெற்றிகள் அவர் முகத்தைப் பிடித்துக்கொள்ள
மைக் இல்லாமல் பாடினார்.
குரங்கானார், கங்காணியானார், கடன்காரனானார்,
கடனைக் கேட்க வந்து கட்டிக்கொண்டு அழுதவனானார்.
கடைசியில் பெண்குரலில் ஒரு தாலாட்டு.
அதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

பெரட்டு மணி அடித்தது. அப்படியே காட்டுக்குப் போனார்கள்.
விளக்கில் கார்பைடு தீர்ந்து, இருட்டில் கைத்தடவலாக வெட்டினார்கள்.
அன்றைக்கு மரங்களில் காயம் அதிகம்.
ஆளுக்கு அரைநாள் சம்பளம் பிடித்தார்கள்.

"வாராக்கடன்னு தள்ளிடலாம்," என்றான் ஜீவரத்தினம்.
ஆறு கைகள் உயர்ந்தன.

செங்கமலம் எழுந்தார். சடையன் மனைவி.
அந்த முப்பது வெள்ளி
அவர் தாலிக்கொடியை மீட்க வைத்திருந்தது.

"குடிச்சான். பொண்டாட்டிய அடிச்சான், பேப்பர்ல வந்துச்சு.
ரெண்டு பொண்ணுங்கள நடுத்தெருவுல விட்டான்.
வாடகை ரூம்புல செத்து மூணு நாளு கழிச்சுத்தான் கதவ ஒடச்சாங்க.
அதெல்லாம் மன்னிக்க நான் யாரு?
அது அவ பாக்கி. அந்தப் புள்ளைங்க பாக்கி.
இது என் பாக்கி.
இதையும் தள்ளிட்டா
எனக்கும் அவனுக்கும் என்னய்யா இருக்கு?"

குவளை கழுவிக்கொண்டிருந்த ஆ லெக்
திரும்பாமலே அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.
அவருக்குத் தமிழ் தெரியாது.
ஆறு வயதில் வேலிக்கு வெளியே நின்று பார்த்தது அவ்வளவுதான்.
வேட்டி அவிழ்ந்தது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

ஐந்து கைகள் இறங்கின.
ஜீவரத்தினம் தன் கையை
யாருடையதோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

முப்பது வெள்ளி,
அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்லப்படுகிறது
என்று எழுதினேன்.
"வட்டி?" என்றான், தோற்றவன் குரலில்.

"போட்டிருந்தா
இந்நேரம் தோட்டத்தையே வாங்கியிருப்போம்,"
என்றார் மூலையில் ஒருவர்,
காலி பாட்டிலைப் படத்துக்கு முன் திரும்ப வைத்தபடி.